எல்லாவற்றுக்கும் ஒரே செயலி: இந்தியாவில் ஏன் எடுபடவில்லை?

செகந்திராபாத்தின் லாலாகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஒருவரின் கைபேசியில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்பதிவு டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசி, முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு யுடிஎஸ், வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேறொன்று. ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க எச்எம்ஐஎஸ். மெட்டுகுடாவில் மெட்ரோ ஏற ஒன்று, ஆர்டிசி பஸ் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள கம்யம். பேச வாட்ஸ்அப், பணம் அனுப்ப போன்பே. மளிகைக்கு, காஸ் சிலிண்டருக்கு, கரண்ட் பில்லுக்கு என்று இன்னும் நாலைந்து. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பாஸ்வேர்டு கேட்கிறது, ஓடிபி அனுப்புகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் பேரப்பிள்ளை ஸ்கூலிலிருந்து வரட்டும் என்று காத்திருந்துதான் ஒரு டிக்கெட் எடுக்கிறார்கள்.

இத்தனையும் ஒரே செயலிக்குள் வந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று தோன்றுவது இயல்பு. அந்த ஆசையை நிறைவேற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லும் பெரும் பணக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கட்ட நினைப்பது என்ன, அது சீனாவில் எப்படிச் சாத்தியமாயிற்று, இங்கே ஏன் ஆகவில்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இந்த ஆசைக்கு மிகப் பெரிய விலை கொடுத்தவர் எலான் மஸ்க். 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். கைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே, 'எக்ஸ்' என்ற எல்லாம் அடங்கிய செயலியைச் சீக்கிரம் உருவாக்க இது உதவும் என்று ட்விட்டரிலேயே எழுதினார். அவருக்கு அது பழைய கனவு. 1999இல் எக்ஸ்.காம் என்ற பெயரில் ஓர் இணைய வங்கியைத் தொடங்கினார். பணம் சம்பந்தப்பட்ட அத்தனையும் ஒரே இடத்தில் நடக்கவேண்டும் என்பது அப்போதைய திட்டம். மறு ஆண்டு அது கன்ஃபினிட்டி என்ற நிறுவனத்தோடு இணைந்து, பிறகு பேபால் ஆயிற்று. 2002இல் ஈபே 150 கோடி டாலருக்கு அதை வாங்கியது. எக்ஸ்.காம் என்ற இணைய முகவரியை மட்டும் மஸ்க் 2017இல் பேபாலிடமிருந்து திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். 2023 ஜூலையில் ட்விட்டரின் நீலக் குருவி போய் எக்ஸ் வந்ததற்குப் பின்னால் இத்தனை காலத்துக் கதை இருக்கிறது.

அந்த ஆண்டு அக்டோபரில் தன் ஊழியர்களிடம் பேசும்போது, ஒருவருடைய பணப் புழக்கம் முழுவதும் இந்தச் செயலிக்குள் நடக்கும், தனியாக வங்கிக் கணக்கே தேவைப்படாது, 2024 முடிவதற்குள் இது வந்துவிடும் என்றார். 2024 முடிந்தது, அது வரவில்லை. 2025 ஜனவரியில் விசா நிறுவனத்தோடு கைகோத்திருப்பதாக அறிவிப்பு மட்டும் வந்தது. அமெரிக்காவில் பணத்தைக் கைமாற்றிவிடும் தொழிலுக்கு மாநிலம் மாநிலமாக உரிமம் வாங்கவேண்டும். அரட்டைக்கும் வீடியோவுக்கும் அப்படி யாரும் உரிமம் கேட்பதில்லை. பணம் என்று வந்ததும் சட்டம் வாசலில் நிற்கிறது.

மஸ்க்கின் மனத்தில் இருக்கும் மாதிரி சீனாவின் வீசாட். சீனாவில் மக்கள் வீசாட்டிலேயே வாழ்கிறார்கள், ட்விட்டரை அப்படி ஆக்கினால் பெரிய வெற்றி என்று 2022 ஜூனில் ட்விட்டர் ஊழியர்களிடமே சொன்னார். வீசாட் 2011 ஜனவரியில் வந்தது. மா ஹுவாதெங்கின் டென்சென்ட் நிறுவனத்தில், ஆலன் ஜாங் என்ற பொறியாளரின் குழு குவாங்சோ நகரத்தில் உருவாக்கியது. முதலில் வெறும் செய்தி அனுப்பும் செயலிதான். 2014 புத்தாண்டுக்கு ஒரு காரியம் செய்தார்கள். நாம் கல்யாணத்தில் கவரில் மொய் வைப்பதுபோல் சீனர்கள் புத்தாண்டில் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். அந்த உறையை வீசாட்டுக்குள் அனுப்ப வழி செய்தார்கள். பணம் அனுப்ப வேண்டுமானால் வங்கிக் கணக்கை வீசாட்டோடு இணைத்தாகவேண்டும். பண்டிகைச் சந்தோஷத்தில் ஏராளமானோர் இணைத்துவிட்டார்கள். 2017 ஜனவரியில் 'மினி புரோகிராம்' என்ற வசதி வந்தது. கடை, டாக்ஸி, மருத்துவமனை, அரசு அலுவலகம் எல்லாமே வீசாட்டுக்குள் ஒரு சின்னச் செயலியாகக் கடை விரிக்கலாம். தனியாக எதையும் இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இன்று மாதம் 130 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் திறமை நிறையவே இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மண்ணும் அதற்கு வாகாக இருந்தது. ஃபேஸ்புக் 2009இலிருந்தே சீனாவில் தடை செய்யப்பட்டிருந்தது, வெளியிலிருந்து போட்டிக்கு வர ஆள் இல்லை. கிரெடிட் கார்டு பழக்கம் ஊன்றவில்லை. கம்ப்யூட்டரைத் தொடாமலே ஸ்மார்ட்போனுக்கு வந்தவர்கள் ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் செல்லும் பாதையையே தனியார் நிறுவனங்கள் போட்டுக்கொண்டன. வீசாட்டில் ஒரு பாதை, அலிபாபா வட்டாரத்தின் அலிபேயில் ஒரு பாதை. அலிபாபாவின் தாவோபாவ் கடை இணைப்பை வீசாட்டில் நண்பருக்கு அனுப்பினால் அது திறக்காது. ஒரு நிறுவனம் மற்றொன்றின் கதவை அடைத்து வைத்திருந்தது. 2021 செப்டம்பரில் சீன அரசே தலையிட்டு இந்தத் தடைகளை எடுக்கச் சொல்லவேண்டியதாயிற்று. தாவோபாவில் வீசாட் மூலம் பணம் கட்டும் வசதி பரவலாக வந்தது 2024இல்தான். ஒரே செயலியில் எல்லாம் என்று சொல்லும்போது யாரும் விளம்பரப்படுத்தாத பகுதி இது. உள்ளே எல்லாம் சுலபம், வெளியே போவது கடினம்.

இந்தியாவில் அந்த இடத்துக்கு வர மிகவும் பாடுபட்டவர் அலிகாரிலிருந்து வந்த விஜய் சேகர் சர்மா. 2010இல் மொபைல் ரீசார்ஜுக்காகப் பேடிஎம் தொடங்கினார், 2014இல் வாலட் வந்தது. 2015இல் அலிபாபா வட்டாரத்தின் பணமும் வந்து சேர்ந்தது, கூடவே சீன மாதிரியும் வந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, பெட்டிக்கடைக்காரர்கூட நீல நிற ஸ்டிக்கரை ஒட்டினார். பிறகு ரயில் டிக்கெட், சினிமா டிக்கெட், விமான டிக்கெட், தங்கம், ஆன்லைன் கடை, விளையாட்டு, வங்கி என்று செயலிக்குள் எல்லாவற்றையும் அடுக்கினார். 2021 நவம்பரில் 18,300 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். 2,150 ரூபாய்ப் பங்கு முதல் நாளிலேயே 27 சதவீதம் சரிந்தது. எத்தனை கடை விரித்தாலும் லாபம் எங்கிருந்து வரும் என்று சந்தை கேட்ட கேள்வி அது.

அடுத்து 2024 ஜனவரி 31. விதிகளைத் தொடர்ந்து கடைப்பிடிக்கவில்லை என்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியில் புதிதாகப் பணம் போடுவதை நிறுத்தச் சொன்னது ரிசர்வ் வங்கி. மார்ச் 15 கடைசி நாள் ஆயிற்று. அந்த வங்கியின் வாலட்டில் இருந்த பணத்தைச் செலவழிக்கலாம், புதிதாகப் போட முடியாது. அது கொடுத்த ஃபாஸ்டேக்கில் ரீசார்ஜ் செய்ய முடியாது, வேறு வங்கியின் ஃபாஸ்டேக் வாங்கி வண்டியில் ஒட்டவேண்டும். ஒரே நிறுவனத்தை நம்பி எல்லாவற்றையும் அதனிடம் வைத்தால், அந்த நிறுவனத்துக்கு வரும் கஷ்டம் அப்படியே நம் வீட்டுக்கும் வந்துவிடும் என்பதை நாடே கண்ணால் பார்த்த நாட்கள் அவை.

ஆனால் அதே மார்ச் மாதத்தில், இன்னும் முக்கியமான வேறொன்றும் நடந்தது. கடைகளில் ஒட்டியிருந்த பேடிஎம் க்யூஆர் ஸ்டிக்கர்கள் தொடர்ந்து வேலை செய்தன. பேடிஎம் வெறும் செயலியாக மட்டும் இயங்க மார்ச் 14 அன்று அனுமதி கிடைத்தது. பணப் பரிமாற்றத்தை ஆக்சிஸ், எச்டிஎஃப்சி, ஸ்டேட் பேங்க், எஸ் பேங்க் ஆகிய நான்கு வங்கிகள் ஏற்றுக்கொண்டன. ஸ்டிக்கரைக் கிழிக்கவேண்டிய அவசியமே கடைக்காரர்களுக்கு வரவில்லை. காரணம் யுபிஐ.

இதை லாலாகுடாவில் இருப்பவர்களுக்குச் சொல்வது சுலபம், ரயில் பாதையை வைத்தே சொல்லிவிடலாம். 1874இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்த பாதை பிராட் கேஜ். பின்னால் மன்மாடு பக்கம் போட்டது மீட்டர் கேஜ். லாலாகுடாவில் 1893இல் ஒர்க்‌ஷாப் அமைத்த நிஜாம் ரயில்வேயிடம் இரண்டு அகலத்திலும் பாதை இருந்தது. ஒரு பாதையில் வந்த சரக்கு இன்னொரு பாதையில் போகவேண்டுமானால் இறக்கி ஏற்றவேண்டும். அந்தந்த நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்ட வாலட் அப்படித்தான் இருந்தது. இந்த வாலட்டில் இருந்த பணம் அந்த வாலட்டுக்கு நேராகப் போகவில்லை. யுபிஐ, நாடு முழுக்க ஒரே அகலத்தில் போட்ட பாதை. வண்டி யாருடையதாகவும் இருக்கலாம், தண்டவாளம் பொது.

தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ இந்தப் பாதையைப் போட்டது. ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, 2016 ஏப்ரல் 11 அன்று தொடங்கி வைத்தார். மெட்டுகுடா பக்கம் ஒரு மளிகைக் கடையில் நின்று இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். கடைக்காரர் மேஜைமேல் ஒரு நிறுவனத்தின் க்யூஆர் அட்டை. வாங்குபவர் வேறொரு நிறுவனத்தின் செயலியைத் திறந்து அதை ஸ்கேன் செய்கிறார். அட்டையில் இருப்பது கடைக்காரரின் யுபிஐ முகவரி, அவ்வளவுதான். வாங்குபவர் 85 ரூபாய் என்று அடித்து, பின் நம்பரைப் போடுகிறார். அந்தப் பின் நம்பர் கேட்கும் பக்கம் செயலி நிறுவனத்துடையது கிடையாது. எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக என்பிசிஐ கொடுத்தது, செயலிக்குப் பின் நம்பர் தெரியவே தெரியாது. கட்டளை என்பிசிஐக்குப் போகிறது, அங்கிருந்து வாங்குபவரின் வங்கிக்கு. வங்கி பின் நம்பரைச் சரிபார்த்துக் கணக்கில் கழிக்கிறது. திரும்ப என்பிசிஐ வழியாகக் கடைக்காரரின் வங்கிக்குப் போய், அவர் கணக்கில் ஏறுகிறது. சில நொடிகளில் மேஜைமேல் இருக்கும் பெட்டி '85 ரூபாய் வந்தது' என்று தெலுங்கில் சத்தமாகச் சொல்கிறது. வாங்கியவர் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்று கடைக்காரர் கேட்கவும் இல்லை, கேட்கத் தேவையும் இல்லை.

சீனாவோடு நமக்குள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அங்கே பணம் செயலிக்குள் இருந்தது. இங்கே பணம் அவரவர் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது, செயலி அதற்கு ஒரு கதவு மட்டும். கதவு பிடிக்கவில்லையென்றால் அடுத்த கதவுக்குப் போகலாம். மஸ்க்கின் எக்ஸ் நாளைக்கு இந்தியாவில் பணம் அனுப்பும் வசதி கொடுக்க விரும்பினாலும், என்பிசிஐயிடம் அனுமதி வாங்கி, மற்றச் செயலிகளோடு வரிசையில்தான் நிற்கவேண்டும். நம் நாட்டுப் பொறியாளர்களும் வங்கியாளர்களும் செய்துவைத்த மிகப் பெரிய நன்மையாக நான் இதைக் கருதுகிறேன்.

வாட்ஸ்அப் கதையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வீசாட் ஆவதற்கு இங்கே அதைவிடத் தகுதியான செயலி கிடையாது, ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிறது. அப்போது ஃபேஸ்புக் என்ற பெயரில் இருந்த அதன் தாய் நிறுவனம் 2020 ஏப்ரலில் முகேஷ் அம்பானியின் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 43,574 கோடி ரூபாய் போட்டு 9.99 சதவீதப் பங்கு வாங்கியது. 2022 ஆகஸ்டில் வாட்ஸ்அப்புக்குள்ளேயே ஜியோமார்ட்டில் மளிகை வாங்கலாம் என்று வந்தது. ஆனால் பணம் அனுப்பும் வசதிக்கு 2020 நவம்பரில் என்பிசிஐ கொடுத்த அனுமதி இரண்டு கோடிப் பேருக்கு மட்டும். அது நான்கு கோடி, பத்துக் கோடி என்று படிப்படியாக உயர்ந்து, 2024 டிசம்பர் 31இல்தான் வரம்பு முழுவதுமாக நீக்கப்பட்டது. அதற்குள் மக்கள் போன்பேயிலும் கூகுள் பேயிலும் பழகிவிட்டார்கள்.

பணம் அனுப்புவதில் நேரடி வருமானமும் இல்லை. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ பரிவர்த்தனைக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. ஆகவே செயலி நிறுவனங்கள் கடன், காப்பீடு, கடையில் பணம் வந்ததைச் சொல்லும் பெட்டிக்கான மாத வாடகை, விளம்பரம் என்று வேறு வழியில் சம்பாதிக்கவேண்டும். 'உங்களுக்கு ஐந்து லட்சம் வரை உடனடிக் கடன்' என்று பணம் அனுப்பும் செயலி அடிக்கடி வந்து நிற்பது இதனால்தான். நம் செலவுப் பழக்கம் அந்தச் செயலிக்குத் தெரியும். எல்லாம் ஒரே செயலியில் இருந்தால் இன்னும் நிறையத் தெரியும்: யாரிடம் பேசுகிறோம், எந்த மருந்துக் கடையில் வாங்குகிறோம், சம்பளம் வந்து எத்தனையாம் நாள் கை காய்கிறது என்பதெல்லாம். இந்தத் தகவல்தான் எல்லாம் அடங்கிய செயலியின் உண்மையான முதலீடு.

டாடா குழுமமும் 2022 ஏப்ரல் 7 அன்று டாடா நியூ என்ற செயலியைக் கொண்டுவந்தது. பிக்பாஸ்கெட், 1எம்ஜி, குரோமா, தாஜ் ஹோட்டல் எல்லாம் ஒரே இடத்தில், ஒரு நியூகாயின் ஒரு ரூபாய். ஆனால் பிக்பாஸ்கெட்டில் காய்கறி வாங்குபவர் இன்னும் பிக்பாஸ்கெட் செயலியையே திறக்கலாம், அப்புறம் நியூ எதற்கு? மற்ற நிறுவனங்கள் எதிர்த்திசையில் போகின்றன. போன்பே பங்குச் சந்தைக்கு ஒரு தனிச் செயலி, ஆன்லைன் கடைக்கு இன்னொன்று என்று பிரித்தது. ஸொமாட்டோ, பேடிஎம்மிடமிருந்து சினிமா டிக்கெட் வியாபாரத்தை 2024 ஆகஸ்டில் 2,048 கோடி ரூபாய்க்கு வாங்கி, டிஸ்ட்ரிக்ட் என்று தனிச் செயலியாக விட்டது. எல்லாவற்றையும் அடுக்கிய பேடிஎம், அடுக்கியதில் ஒன்றை விற்றுவிட்டது.

அப்படியானால் லாலாகுடாப் பெரியவரின் கஷ்டத்துக்கு வழியே இல்லையா? ஒரு வழி ரயில்வேயிடமிருந்தே வந்தது. ரயில்வேயின் கணினி நிறுவனமான கிரிஸ் உருவாக்கிய ரயில்ஒன் செயலியை 2025 ஜூலை 1 அன்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் வெளியிட்டார். முன்பதிவு டிக்கெட், முன்பதிவில்லாத டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட், வண்டி எங்கே வருகிறது, நம் பெட்டி எந்த இடத்தில் நிற்கும், சாப்பாடு, புகார் எல்லாம் அதில் உண்டு. ஐஆர்சிடிசி அல்லது யுடிஎஸ் கணக்கு ஏற்கெனவே இருந்தால் அதையே போட்டு உள்ளே போகலாம், புதுப் பாஸ்வேர்டு உருவாக்க வேண்டியதில்லை. சார்மினார் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட் எடுப்பவருக்கு மூன்று செயலி ஒன்றாகச் சுருங்கியது உண்மையான உதவி. பயணம் என்ற ஒரே காரியத்தைச் சேர்ந்தவற்றை ஒரே இடத்தில் வைப்பது நல்லது. அந்தச் செயலி நம் அரட்டையையும் மருந்துச் சீட்டையும் கேட்பதில்லை.

இதற்குச் செகந்திராபாத்தில் ஒரு முன்கதையும் உண்டு. எந்த ஊர் கவுண்டரிலிருந்தும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் எடுக்க வழிசெய்த கான்செர்ட் மென்பொருள் 1990களின் நடுவில் முதலில் இங்கேதான் ஓடியது. டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களையும் 1999இல் இணைத்து முடித்தார்கள். ஐந்தும் தனித்தனியாகவே இயங்கின, ஒன்றோடொன்று பேசின.

ஒன்றோடொன்று பேசுவது என்ற இந்த எண்ணத்தை இப்போது செய்திச் செயலிகளுக்கும் கொண்டுவரவேண்டும் என்கிறார் ஸ்ரீதர் வேம்பு. அவருடைய சோஹோ நிறுவனத்தின் அரட்டை செயலி 2021இல் வந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் மூன்றே நாளில், ஒரு நாளைக்குப் புதிதாகச் சேர்பவர்களின் எண்ணிக்கை 3,000இலிருந்து 3,50,000 ஆக ஏறியது என்று அவர் சொன்னார். சோஹோவிடம் பணப் பரிமாற்றத் தொழிலும் இருக்கிறது. இன்னொரு எல்லாம் அடங்கிய செயலி என்று போயிருக்கலாம். அவரோ, யுபிஐயையும் மின்னஞ்சலையும்போலச் செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று இணைந்து இயங்கவேண்டும், ஏகபோகம் தங்களுக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அரட்டையிலிருந்து வாட்ஸ்அப்புக்குச் செய்தி அனுப்ப முடிந்தால் எவ்வளவு பெரிய மாற்றம் என்று நினைத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டத்தின் மூலம் வாட்ஸ்அப்பை இப்படித் திறக்க வைத்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் அப்படிச் சட்டம் இன்னும் இல்லை. அதற்குள் பொதுச் சேவைகளே வாட்ஸ்அப் வழியாகப் போகத் தொடங்கிவிட்டன. ஹைதராபாத் மெட்ரோ 2022 அக்டோபரில் அதில் டிக்கெட் கொடுத்தது. ஆந்திர அரசு 2025 ஜனவரியில் மன மித்ர என்ற பெயரில் சான்றிதழ், வரி என்று பலவற்றையும் அதற்குள் வைத்தது. மக்களுக்கு வசதிதான். ஆனால் அரசு அலுவலகத்துக்கான கதவு ஒரு தனியார் நிறுவனத்தின் வீட்டுக்குள் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

யுபிஐயிலும் கவலை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மாதம் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிய இந்தப் பொதுப் பாதையில், நூற்றுக்குச் சுமார் எண்பது ஓடுவது போன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகளில். பாதை பொதுவாக இருந்தும் வண்டிகள் இரண்டு பேரிடம் சேர்ந்துவிட்டன. எந்தச் செயலியும் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று என்பிசிஐ 2020 நவம்பரிலேயே விதி போட்டது. அதை நடைமுறைப்படுத்தும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, கடைசியாகக் குறித்தது 2026 டிசம்பர் 31. அந்தத் தேதியும் தள்ளிப்போகுமா என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் பாதையில் புதிதாக யாராவது வண்டி ஓட்ட முடியுமா என்பது தெரியும்.